ஆள் தோத்தார்... பேச்சு ஜெயிச்சது!

2002 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி எட்டு மணி. பிரான்ஸ் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதிபர் தேர்தலின் முதல் சுற்று முடிந்து, இறுதிச் சுற்றுக்குப் போகும் இரண்டு பேர் யார் என்று சொல்லப்போகிறார்கள்.

‘இதுல என்ன பெரிய சஸ்பென்ஸ்? அதிபர் ஜாக் சிராக், பிரதமர் லியோனல் ஜோஸ்பின். அவ்வளவுதானே!’ என்பதுதான் எல்லோருடைய கணக்கும். அந்த நம்பிக்கையில் ஓட்டுச்சாவடிப் பக்கமே போகாதவர்கள் 28 சதவிகிதம் பேர்!

ஸ்க்ரீனில் இரண்டு முகங்கள் வந்தன. ஒன்று சிராக். இன்னொன்று ஜோஸ்பின் இல்லை. 73 வயது ழான் மரி லு பென். ‘வெளிநாட்டுக்காரர்களை வெளியே அனுப்பு’ என்று முப்பது வருஷமாக மேடை போட்டுக் கத்திக்கொண்டிருந்த தீவிர வலதுசாரி. ஜோஸ்பின் அன்று ராத்திரியே அரசியலுக்கு குட்பை சொன்னார். இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வந்தார்கள்.

யார் இந்த லு பென்? அதிபர் தேர்தலில் ஐந்து முறை நின்று ஐந்து முறையும் தோற்றவர். வாழ்க்கையில் ஒரு நாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. ஆனால், 2025 ஜனவரி 7 அன்று 96 வயதில் அவர் இறந்தபோது, அவர் ஆரம்பித்த கட்சிதான் பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் தனிப்பெரும் குழு. தோற்றுக்கொண்டே இருந்த ஒரு மனுஷன் எப்படி ஒரு நாட்டையே தன் பக்கம் இழுத்தார்? கொஞ்சம் ரீவைண்ட் பண்ணிப் பார்ப்போம்.

மீனவர் மகன், மாணவர் தலைவர்!

1928 ஜூன் 20. பிரான்ஸின் மேற்குக் கரையில், பிரிட்டனி பகுதியில் லா த்ரினிதே சுர் மேர் என்ற கடலோர ஊரில் பிறந்தார் லு பென். அப்பா மீனவர். அம்மா தையல் வேலை பார்த்தவர். 1942-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அப்பாவின் படகு கடலில் கிடந்த கண்ணிவெடியில் மோதியது. அப்பா போய்விட்டார். பையனுக்கு அப்போது வயது 14. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை அரசே தத்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே உண்டு. அப்படி ‘தேசத்தின் பிள்ளை’ ஆனார் லு பென்.

பாரீஸில் சட்டப் படிப்பு. அங்கே சட்ட மாணவர் சங்கத்துக்குத் தலைவர். பேச்சு, சண்டை இரண்டிலும் ஆள் கில்லாடி. 1953-ல் நெதர்லாந்தில் பெரு வெள்ளம் வந்தபோது, அப்போதைய அதிபரையே தொடர்புகொண்டு அனுமதி வாங்கி, நிவாரண வேலைக்கு மாணவர்களைத் திரட்டினார். அந்த வயதிலேயே கூட்டம் சேர்க்கத் தெரிந்திருக்கிறது!

படிப்பு முடிந்ததும் பாராசூட் படை. வியட்நாமுக்கு அனுப்பினார்கள். ஆனால் இவர் போய் இறங்கும்போது, 1954-ல் தியென் பியென் ஃபூ கோட்டை விழுந்து, பிரான்ஸ் அந்தப் போரில் தோற்றே போயிருந்தது. ‘நாட்டை அரசியல்வாதிகள் காட்டிக் கொடுத்துட்டாங்க’ என்ற கோபம் இந்தத் தலைமுறை ராணுவக்காரர்கள் பலரிடம் இருந்தது. லு பென் அந்தக் கோபத்தை அரசியலாக மாற்றிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது, பியேர் பூஜாத் என்ற ஸ்டேஷனரி கடைக்காரர் ‘வரி கட்ட மாட்டோம்’ என்று சின்னக் கடைக்காரர்களைத் திரட்டிப் பெரிய இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். லு பென் அதில் சேர்ந்தார். 1956 ஜனவரி தேர்தலில் எம்.பி. ஆனார். வயது 27! அந்த நாடாளுமன்றத்திலேயே மிக இளையவர்களில் ஒருவர்.

எம்.பி. ஆனவர் சும்மா உட்காரவில்லை. லீவு போட்டுவிட்டு அல்ஜீரியாவுக்குச் சண்டை போடப் போனார். அல்ஜீரியா அப்போது பிரான்ஸின் காலனி, விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே கைதிகளைச் சித்ரவதை செய்தார் என்ற குற்றச்சாட்டு கடைசி வரைக்கும் லு பென்னைத் துரத்தியது. 1962-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் தானே அதை ஒப்புக்கொள்கிற மாதிரி பேசினார். பிறகு மறுத்தார். எழுதிய பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டார். அந்தப் போரில் நடந்த குற்றங்களுக்கு அரசு பொது மன்னிப்பு கொடுத்துவிட்டதால், சித்ரவதை பற்றி விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை.

1962-ல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லட்சக்கணக்கான ஐரோப்பியர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு பிரான்ஸுக்கு ஓடிவந்தார்கள். நிறைய பேர் குடியேறியது தெற்கு பிரான்ஸில். பிற்காலத்தில் லு பென்னுக்கு ஓட்டு குவிந்த இடங்களில் அதுவும் ஒன்று.

முதல் மார்க்: முக்கால்!

1972 அக்டோபரில் தேசிய முன்னணி என்ற கட்சி உருவானது. தலைவர் லு பென். கூட இருந்தவர்கள்? அல்ஜீரியாவை விடக் கூடாது என்று நின்றவர்கள், மன்னராட்சி ஆசைக்காரர்கள், ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர்கள்கூட இருந்தார்கள். கட்சிச் சின்னம் மூவர்ணத் தீப்பிழம்பு. முசோலினியின் வாரிசுகள் இத்தாலியில் நடத்திய கட்சியைப் பார்த்துப் போட்டது.

1974 அதிபர் தேர்தலில் முதல் முறையாக நின்றார். கிடைத்தது 0.75 சதவிகிதம். நூற்றுக்கு முக்கால் மார்க்! 1981-ல் நிற்கவே முடியவில்லை. அங்கே அதிபர் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் மேயர்கள், கவுன்சிலர்கள் மாதிரி தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 500 பேரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். லு பென்னுக்கு 500 பேர் தேறவில்லை.

நடுவில் 1976-ல் இரண்டு சம்பவங்கள். ஒரு பெரும் பணக்கார ஆதரவாளர் இறந்துபோய், சொத்தை லு பென்னுக்கு எழுதிவைத்திருந்தார். பாரீஸ் பக்கத்தில் ஒரு மாளிகையே கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் லு பென் குடியிருந்த அப்பார்ட்மென்ட்டில் குண்டு வெடித்தது. கட்டடத்தின் ஒரு பக்கமே பெயர்ந்து விழுந்தும் குடும்பம் தப்பித்தது. கடைசி மகள் மரினுக்கு அப்போது எட்டு வயது. இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கங்க.

ஒரு போஸ்டர், ஒரு ஃபார்முலா

லு பென்னை முக்கால் மார்க்கிலிருந்து மேலே தூக்கியது எது? ஒரே ஒரு சமன்பாடு.

1978-ல் கட்சி ஒரு போஸ்டர் ஒட்டியது. சாராம்சம் இதுதான்: பிரான்ஸில் வேலையில்லாதவர்கள் பத்து லட்சம் பேர், பிரான்ஸில் அதிகப்படியாக இருக்கும் வெளிநாட்டினர் பத்து லட்சம் பேர். அவ்வளவுதான். படிக்காதவனுக்கும் புரியும். அவங்களை அனுப்பிட்டா உனக்கு வேலை!

இந்த ஃபார்முலா சரியா என்று பார்ப்போமா? போருக்குப் பிறகு கார் ஃபேக்டரி, கட்டட வேலை, சுரங்கம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டபோது அல்ஜீரியா, மொராக்கோ, போர்ச்சுகல் என்று பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிரான்ஸ்தான் கூப்பிட்டது. 1973-ல் எண்ணெய் விலை எகிறியது. ஃபேக்டரிகள் தள்ளாட ஆரம்பித்தன. 1974-லேயே வேலைக்காக வெளிநாட்டு ஆட்களை எடுப்பதை அரசு நிறுத்திவிட்டது. ஃபார்முலா சரியென்றால் அதற்குப் பிறகு வேலையின்மை குறைந்திருக்க வேண்டும் இல்லையா? ஆனால், 80-களின் தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். 90-களில் 30 லட்சம்!

ஒரு நாட்டில் மொத்த வேலை இத்தனைதான் என்று யாரும் ஃபிக்ஸ் பண்ணி வைக்கவில்லை. வந்தவனும் வாடகை கொடுக்கிறான், ரொட்டி வாங்குகிறான், வரி கட்டுகிறான். அவனாலும் நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை மாறிலி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், விடை தப்பாகத்தான் வரும். இன்டர்னல் எக்ஸாமில்கூட மார்க் கிடைக்காது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விடைதான் தப்பு, வலி நிஜம். வடக்கே, கிழக்கே இரும்பு ஆலைகளும் சுரங்கங்களும் மூடப்பட்டன. தெருவில் நின்ற தொழிலாளிக்கு மற்ற கட்சிகள் எதுவும் உருப்படியாகச் சொல்லவில்லை. லு பென் மட்டும் விரலை நீட்டி ஒருத்தனைக் காட்டினார். ‘இவன்தான்!’

1983-ல் த்ரோ என்ற சின்ன நகரத்தின் தேர்தலில் கட்சி சுமார் 17 சதவிகிதம் வாங்கியது. கௌரவமான வலதுசாரிக் கட்சிகளே அங்கே அவர்களோடு கூட்டணி வைத்தன. 1984 பிப்ரவரியில் டி.வி.யில் பிரைம் டைம் பேட்டி. அதே வருஷம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 11 சதவிகித ஓட்டு, பத்து இடங்கள். ‘ஐரோப்பா வேண்டாம்’ என்று கடைசி வரை பேசியவர், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 2019 வரை ஏறக்குறைய 35 வருஷம் சம்பளம் வாங்கினார் என்பது தனிக் காமெடி!

தேர்தல் முறை எப்படி விளையாடும் என்பதற்கும் லு பென் கட்சி நல்ல உதாரணம். 1986-ல் அதிபர் மித்தரான் விகிதாசார முறையைக் கொண்டுவந்தார். அதாவது, எத்தனை சதவிகித ஓட்டோ அதற்கேற்ற சீட். தேசிய முன்னணிக்குப் பத்து சதவிகிதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டு, 35 சீட். 1988-ல் பழைய தொகுதி முறையே திரும்பி வந்தது. அதே அளவு ஓட்டு. சீட் ஒன்றே ஒன்று!

வாயும் வழக்கும்

1987 செப்டம்பர் 13. ஒரு ரேடியோ பேட்டி. நாஜிகள் யூதர்களைக் கொன்ற விஷவாயு அறைகள் பற்றிக் கேட்டார்கள். ‘இரண்டாம் உலகப் போரின் வரலாற்றில் அது ஒரு சின்ன விவரம்’ என்று பதில் சொன்னார் லு பென். நாடே கொதித்தது. நீதிமன்றம் தண்டித்தது. அவர் திருந்தவில்லை. அதே வார்த்தையைப் பல வருஷங்கள் கழித்தும் திரும்பத் திரும்பச் சொன்னார். இன வெறுப்பைத் தூண்டியது, போர்க் குற்றங்களை நியாயப்படுத்தியது, பெண் வேட்பாளரைத் தாக்கியது என்று பல வழக்குகளில் தண்டனை வாங்கினார்.

இதெல்லாம் உளறல் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் பேப்பர் முழுக்க அவர்தான். திட்டுகிறவர்களும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள்.

பேச்சு பேச்சாகவே நிற்கவும் இல்லை. 1995 மே 1 அன்று பாரீஸில் லு பென் கட்சி ஊர்வலம் போனது. அந்த ஊர்வலத்திலிருந்து பிரிந்து வந்த மொட்டைத்தலை கும்பல் ஒன்று, செய்ன் நதிக்கரையில் நின்றிருந்த மொராக்கோ இளைஞர் ஒருவரைத் தண்ணீரில் தள்ளியது. அவர் மூழ்கி இறந்துபோனார். வயது 29.

ஜிடேன் அடிச்ச கோல்!

லு பென் ஃபுட்பாலையும் விட்டுவைக்கவில்லை. 1996-ல் யூரோ கோப்பை நடந்தபோது, ‘வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பிரான்ஸ் டீம் என்று பெயர் வைப்பது போலித்தனம்’ என்கிற ரீதியில் பேசினார்.

இரண்டே வருஷம். 1998 உலகக் கோப்பை ஃபைனல். பிரேசிலுக்கு எதிராகத் தலையால் முட்டி இரண்டு கோல். அடித்தவர் ஜினடின் ஜிடேன். அல்ஜீரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு மார்செய் நகரில் பிறந்தவர். 3-0. கோப்பை பிரான்ஸுக்கு! பாரீஸின் பெரிய வளைவு மேல் ஜிடேன் முகம் ஒளிர்ந்தது. ‘கறுப்பர், வெள்ளையர், அரபு... எல்லாரும் சேர்ந்ததுதான் பிரான்ஸ்’ என்று ஊரே ஆடியது. லு பென் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். போதாததற்கு அந்த வருஷக் கடைசியில் லு பென்னின் வலது கை ப்ரூனோ மெக்ரே கட்சியை உடைத்துக்கொண்டு போனார்.

ஆனால், நாலே வருஷத்தில் 2002 வந்தது. கோப்பையால் ஓட்டை மாற்ற முடியவில்லை. பொதுவாக அரசியல் பேசாத ஜிடேனே அப்போது வாய் திறந்து, ‘பிரான்ஸின் மதிப்புகளுக்குப் பொருந்தாத கட்சி அது, ஓட்டுப் போடும் முன் யோசியுங்கள்’ என்று சொல்லவேண்டி வந்தது.

லு பென்னின் முக்கியமான கோரிக்கை இரண்டு. ஒன்று, ‘தேசிய முன்னுரிமை’. வேலை, அரசு வீடு, உதவித்தொகை எல்லாம் முதலில் பிரெஞ்சுக்காரர்களுக்கு. இன்னொன்று, பிரெஞ்சு மண்ணில் பிறந்ததால் குடியுரிமை என்பதை ஒழிப்பது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு பிரான்ஸில் பிறந்து அங்கேயே வளரும் பிள்ளை, 18 வயதில் பிரெஞ்சுக் குடிமகன் ஆகிவிடலாம். அது கூடாது என்றார்.

இதில் நம்ம ஆட்களுக்கும் சம்பந்தம் உண்டு. இலங்கைப் போருக்குத் தப்பி பாரீஸ் போன தமிழர்களின் கடைத்தெருவாகவே மாறியிருக்கிறது லா ஷப்பெல் ஏரியா. அங்கே பிறந்த பல தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனது இந்தச் சட்டத்தால்தான். புதுச்சேரியிலோ கதை வேறு. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. பாரீஸில் அதிபர் தேர்தல் என்றால் புதுச்சேரியிலும் ஓட்டுப்பெட்டி வைப்பார்கள். ‘யார் பிரெஞ்சுக்காரர்?’ என்ற லு பென்னின் கேள்வி, அந்த வரிசையில் நிற்கும் தமிழரையும் சேர்த்துத்தான்!

2002: கணக்கைப் பார்ப்போம்

ஏப்ரல் 21 அன்று என்னதான் நடந்தது? சிராக் 19.9 சதவிகிதம். லு பென் 16.9. ஜோஸ்பின் 16.2. லு பென்னுக்கும் ஜோஸ்பினுக்கும் இடையே வித்தியாசம் இரண்டு லட்சம் ஓட்டுகூட இல்லை.

‘லு பென் அலை’ என்றார்கள். நிஜமாகவே அலையா? 1995-ல் லு பென் வாங்கியது சுமார் 45.7 லட்சம் ஓட்டு. 2002-ல் சுமார் 48 லட்சம். ஏழு வருஷத்தில் கூடியது இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. ஜோஸ்பின் 1995 முதல் சுற்றில் வாங்கியது 70 லட்சத்துக்கும் மேல். 2002-ல் 46 லட்சம். லு பென் ஏணியில் ஏறவில்லை பாஸ், பக்கத்து ஏணி சரிந்துவிட்டது!

ஏன் சரிந்தது? மொத்தம் 16 வேட்பாளர்கள். ஜோஸ்பினின் கூட்டணி அரசில் பங்கு வகித்த கட்சிகளே தனித்தனியாக ஆள் நிறுத்தின. பசுமைக் கட்சி ஒரு பக்கம், கம்யூனிஸ்ட் ஒரு பக்கம். 28 வயது தபால்காரர் ஒலிவியே பெசான்செனோ மட்டும் நான்கு சதவிகிதத்துக்கு மேல் வாங்கினார். கிறிஸ்டியான் தொபிரா என்ற வேட்பாளர் 2.3 சதவிகிதம். அதுவே ஆறரை லட்சம் ஓட்டு. ‘முதல் சுற்றில் மனசுக்குப் பிடிச்சவங்களுக்குப் போடலாம், ரெண்டாவது சுற்றில் ஜோஸ்பினுக்குப் போட்டுக்கலாம்’ என்று நினைத்தார்கள். அவர்கள் எதிர்பார்த்த இரண்டாவது சுற்று வரவே இல்லை. ஓட்டுப் போடவே வராதவர்கள் 1 கோடியே 15 லட்சத்துக்கும் மேல்.

அப்புறம் நடந்ததுதான் சரித்திரம். காலேஜ் மாணவர்களும், ஓட்டு வயது வராத ஸ்கூல் பசங்களும் தினம் தினம் ஊர்வலம் போனார்கள். மே 1 அன்று நாடு முழுக்கத் தெருவில் இறங்கியவர்கள் அரசுக் கணக்குப்படியே சுமார் 13 லட்சம் பேர். சிராக் மீது ஊழல் புகார்கள் இருந்தன. ஆனாலும், ‘மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது அவருக்குப் போடுங்க’ என்று இடதுசாரிகளே பிரசாரம் செய்தார்கள். லு பென்னோடு டி.வி. விவாதத்துக்கு வர சிராக் மறுத்துவிட்டார். மே 5 முடிவு: சிராக் 82.2 சதவிகிதம், லு பென் 17.8.

எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ‘ஜனநாயகம் ஜெயிச்சாச்சு’ என்று கொண்டாடினார்கள். அந்த 17.8-ல் இருந்த 55 லட்சம் பேர் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

காப்பி அடித்தவர்கள்

தேர்தலில் தோற்ற லு பென்னின் பேச்சு எப்படி ஜெயித்தது? எதிரிகளே அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 1984-ல் சோஷலிஸ்ட் பிரதமர் லாரன் ஃபாபியுஸ், ‘கேள்விகள் நிஜமானவை, அவர்கள் சொல்லும் பதில்கள்தான் போலி’ என்கிற அர்த்தத்தில் பேசினார். கேள்வியை ஒப்புக்கொண்டாகிவிட்டது. 1991-ல் இதே சிராக், வெளிநாட்டுக் குடும்பங்களின் ‘சத்தம், நாற்றம்’ பற்றி மேடையில் பேசிக் கைத்தட்டல் வாங்கினார். 2007-ல் நிக்கோலா சர்கோசி, குடியேற்றத்துக்கும் தேசிய அடையாளத்துக்கும் சேர்த்து ஒரு அமைச்சகமே அமைப்பேன் என்றார். ஜெயித்தார், அமைத்தார். லு பென்னின் ஓட்டு அந்தத் தேர்தலில் 10.4 சதவிகிதமாக இறங்கியது. ‘கட்சி காலி’ என்றார்கள். கொள்கை அரசு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

‘நகலைவிட அசலைத்தான் ஜனங்க விரும்புவாங்க’ என்று லு பென் அடிக்கடி சொல்வார். அந்தக் கணிப்பு தப்பவில்லை.

அப்பாவை நீக்கிய மகள்

2011-ல் கட்சித் தலைமை மகள் மரின் லு பென்னிடம் வந்தது. அப்பாவின் வாய்தான் கட்சிக்குத் தடை என்பது வக்கீலான மகளுக்குத் தெரியும். முரட்டு ஆட்களை ஓரம்கட்டினார். யூத வெறுப்புப் பேச்சுக்குத் தடை போட்டார். அப்பா விடுவாரா? 2015-ல் மறுபடியும் அதே ‘சின்ன விவரம்’ பேச்சு. அந்த ஆகஸ்ட்டில், தான் ஆரம்பித்த கட்சியிலிருந்தே லு பென் நீக்கப்பட்டார். 2018-ல் கட்சியின் பெயரும் ‘தேசிய பேரணி’ என்று மாறியது.

பெயர் மாறியது, பேச்சு மென்மையானது. தேசிய முன்னுரிமையும் குடியுரிமை விஷயமும் அப்படியே இருக்கின்றன. மரின் 2017 இறுதிச் சுற்றில் 33.9 சதவிகிதம் வாங்கினார். 2022-ல் 41.5. ஓட்டுக் கணக்கில் 1 கோடியே 32 லட்சம்! 2025 மார்ச்சில், ஐரோப்பிய நாடாளுமன்றப் பணத்தைக் கட்சி வேலைக்குத் திருப்பிய வழக்கில் மரினைக் குற்றவாளி என்று அறிவித்த நீதிமன்றம், தேர்தலில் நிற்க ஐந்து வருஷத் தடை போட்டது. மரின் அப்பீல் செய்தார்.

அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்புதான் அப்பா இறந்திருந்தார். அன்று ராத்திரி பாரீஸின் ரிபப்ளிக் சதுக்கத்தில் கூட்டம் கூடி பட்டாசு வெடித்தது. ஒரு கிழவரின் சாவுக்கு ஆட்டம் போட்டதை ஆளும் தரப்பே கண்டித்தது. ‘அப்பாவைக் கட்சியிலிருந்து நீக்கியதற்காக என்னை நானே மன்னிக்க மாட்டேன்’ என்று மரின் பேட்டி கொடுத்தார்.

ஆட்டம் போட்டவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2002-ல் லு பென்னை இரண்டாவது சுற்றுக்கு அனுப்பிய நாளில் ஓட்டுப் போடாதவர்கள் 28 சதவிகிதம். அதைப் பார்த்து நாடே அதிர்ந்தது. 13 லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். 2022-ல் மகள் 41.5 சதவிகிதம் வாங்கிய இறுதிச் சுற்றிலும் ஓட்டுப் போடாதவர்கள் 28 சதவிகிதம். அந்தத் தடவை 13 லட்சம் பேர் வரவில்லை. பழகிவிட்டது.

இருபது வருஷத்தில் லு பென் சாதித்தது இந்தப் பழக்கத்தைத்தான். முதல் தடவை கேட்கும்போது காது கூசுகிற ஒரு வார்த்தை, நூறாவது தடவை கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும். அதனால், நம்ம காதில் எந்த வார்த்தை இப்போது கூசாமல் போக ஆரம்பித்திருக்கிறது என்று அவரவரே ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கலாம். முதல் ஓட்டு போடப்போகிற ஃப்ரெண்ட்ஸ், ஓட்டுப் போடும் நாளில் லீவு கிடைத்தால் தூங்கிடாதீங்க. 2002-ல் பிரான்ஸ் பசங்க பத்து நாள் நடந்து சொன்னதை, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்!

லு பென் மார்க் ஷீட்

1974 – 0.75 சதவிகிதம்

1981 – ஆப்சென்ட் (500 கையெழுத்து கிடைக்கவில்லை)

1988 – 14.4 சதவிகிதம்

1995 – 15 சதவிகிதம்

2002 – 16.9 சதவிகிதம் (இறுதிச் சுற்றில் 17.8)

2007 – 10.4 சதவிகிதம்

ரிசல்ட்: ஐந்து அட்டெம்ப்ட், ஐந்தும் ஃபெயில். பேப்பரை மகள் எழுதிக்கொண்டிருக்கிறார்!